நோய் நீங்கியோரும் தீவுப் பயணமும்

கடும் நோயிலிருந்து மீண்ட ஒருவர் நெடுநாள் விரும்பிய தீவுப் பயணத்தை மேற்கொள்வது வெறும் இன்ப நாட்டமா, அன்றி நன்றி செலுத்தும் செயலா என்னும் வினாவுக்குக் கிரேக்கத் தீவுகள் மாறுபட்ட விடைகளைத் தருகின்றன. அப்பல்லோ பிறந்த இடமாகப் போற்றப்பட்ட டீலோஸில், கி.மு. 426இல் ஏதென்ஸ் மக்கள் பழைய கல்லறைகளை அகற்றி, அங்கு எவரும் பிறக்கவோ இறக்கவோ கூடாதென விதித்தமையால், இறக்கும் தறுவாயில் இருந்தோரும் நிறைமாதப் பெண்களும் அருகிலுள்ள ரினியா தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நலிந்த உடலைத் தெய்வத்தின் முன்னிருந்து விலக்கிய இத்தூய்மைக் கொள்கை, எவ்வளவு தொன்மையானதாயினும், இரக்கமற்றதே.

அண்மையிலுள்ள டினோஸிலோ, 1823இல் கண்டெடுக்கப்பட்ட மரியன்னையின் திருவுருவப் படத்தை நாடிச் செல்வோருள் பலர், துறைமுகத்திலிருந்து மேட்டுக் கோயில்வரை முழந்தாளிட்டே ஊர்ந்து சென்று, கண், கை, கால் போன்ற உறுப்புகளின் வடிவம் பொறித்த, 'டாமா' எனப்படும் உலோகத் தகட்டை நேர்த்திக்கடனாகச் செலுத்துகின்றனர்.

சாமோஸ் தீவில் பிறந்த மெய்யியலாளர் எபிகியூரஸ், உடலில் வலியின்மையும் உள்ளத்தில் கலக்கமின்மையுமே உயர்ந்த இன்பமெனக் கொண்டார். அக்கருத்தின்படி, நோய் நீங்கியவர் கப்பலின் மேல்தளத்தில் வலியின்றி நின்று உப்புக்காற்றை முகத்தில் ஏற்பதே நிறைவான இன்பமாகும். பிழைத்தவர் தம் மகிழ்ச்சிக்கு வேறு நியாயம் தேட வேண்டியதில்லை என்னும் அவ்வகையில், எபிகியூரஸின் விடையே ஏற்கத்தக்கது.