ஈரத்தை உலர்த்துவது குற்றமா?

தம் பிள்ளை டாக்டராக வேண்டுமென்று ஆசைப்படாத தகப்பனார் நம் கடைத்தெருவில் உண்டா? பாக்கார் ஆராங்கிலும் சுங்கை பட்டாணியிலும் பொழுது விடியுமுன் கடை திறந்து, ஊர் அடங்கிய பின் பூட்டும் நம்மவரில் பலர் அந்த ஓர் ஆசைக்காகவே உழைக்கிறார்கள். மருத்துவப் படிப்பின் செலவோ, சிறு வியாபாரியின் முதலையே விழுங்கிவிடக்கூடியது. ஆகவே, ராணுவத்தின் உபகாரச் சம்பளத்தில் படிக்க ஒரு பிள்ளைக்கு இடம் கிடைத்தால் அந்த வீட்டில் பெருநாள்தான்.

இத்தகைய ஏற்பாடு பல நாடுகளில் இருக்கிறது. இந்தியாவில் 1948-ல் தோன்றிய புனே ராணுவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் நாட்டில் சுங்கை பெசியிலுள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்பிக்கிறார்கள். அமெரிக்காவில் 1972-ல் வந்த சட்டத்தின்படி, மாணவனின் கல்லூரிக் கட்டணத்தை ராணுவமே செலுத்தி, மாதச் செலவுக்கும் பணம் தருகிறது. நான்கு ஆண்டு உதவி பெற்றவன், பொதுவாக நான்கு ஆண்டு படையில் டாக்டராகப் பணியாற்றிக் கடனைத் தீர்க்க வேண்டும். இது சுத்தமான ஒப்பந்தம். வியாபாரிகளாகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால், படிக்கும் காலத்தில் அந்தப் பிள்ளையின் மனம் நோயுற்றால்? இரவில் தூக்கமில்லை, புத்தகத்தைத் திறந்தால் எழுத்து மனத்தில் நிற்பதில்லை, காரணமில்லாத பயம், காரணமில்லாத அழுகை. வைத்தியரிடம் போனால் அது ஏட்டில் ஏறும். ஏட்டில் ஏறினால், ‘படைக்குத் தகுதியற்றவன்’ என்று நீக்கி, செலவழித்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்று அஞ்சுகிறான். போகாவிட்டால் நோய் முற்றுகிறது. வாங்கிய உதவிக்கு நன்றியுள்ளவன் என்ன செய்ய வேண்டும்? இதுவே நாம் எண்ணிப் பார்க்க விரும்பும் கேள்வி.

‘சரக்கின் குறையை மறைப்பது மோசடி, ஆகவே அவன் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்’ என்று நம்மில் சிலர் சொல்லக்கூடும். ‘சொல்லி ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டு பட்டத்தை வாங்கட்டும்’ என்று வேறு சிலர் சொல்லக்கூடும். இரண்டும் அவசரத் தீர்ப்பு.

நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது, அடியில் ஈரம் தட்டிய செய்தி நாமெல்லாரும் அறிந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள். கவனியுங்கள்: மழை பெய்ததைக் குற்றமென்று அவர்கள் சொல்லவில்லை, தானியம் நனைந்ததையும் குற்றமென்று சொல்லவில்லை. மறைத்ததைத்தான் கண்டித்தார்கள்.

மனநோயும் மழையைப் போன்றது. அது ஈமான் குறைந்ததால் வந்ததன்று, வளர்ப்பின் குற்றமுமன்று. கெய்ரோவில் 1284-ல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. நம் முன்னோர் அதை வைத்தியத்துக்குரிய நோயென்றே கண்டார்கள். நாமோ, 1911 முதல் நோயாளிகளைப் பராமரித்துவரும் தஞ்சோங் ரம்புத்தானின் பெயரைக் கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம்!

அப்படியானால், வைத்தியரிடம் போகும் பிள்ளை யார்? நனைந்த தானியத்தை வெயிலில் பரப்புகிறவன். போகாமல் புழுங்குகிறவனே அதை அடியில் தள்ளுகிறான். ராணுவம் பணம் கொடுத்தது ஒரு நல்ல டாக்டரைப் பெறுவதற்காக. தன்னைக் குணப்படுத்திக்கொள்வது அந்த ஒப்பந்தத்தை மீறுவதாகாது. அதை நிறைவேற்றும் முதல் வேலையே அதுதான். நாளை நோயாளியின் உயிர் அவன் கையில் அல்லவா இருக்கப் போகிறது?

இனி, எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது. உடல்நிலை பற்றிய கேள்வித்தாளில் நேராகக் கேட்டால் பொய் எழுதலாகாது. விதிப்படி அறிவிக்க வேண்டியதை அறிவிக்க வேண்டும். அதற்காக, வைத்தியரிடம் அழுது சொன்னதெல்லாம் அதிகாரியின் மேசைக்குப் போக வேண்டியதில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே 2011-ல் ஒரு கட்டளை பிறப்பித்தது: படைவீரர் மனநல வைத்தியம் பெறுவதை, அவர் உயிருக்கோ பிறர் உயிருக்கோ பணிக்கோ ஆபத்து என்பன போன்ற குறித்த காரணங்கள் இருந்தாலொழிய, வைத்தியர்கள் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டியதில்லை என்று. சொல்ல வேண்டியது வேறு, சொந்த இரகசியம் வேறு என்பதை ராணுவமே ஒப்புக்கொண்டது.

பிள்ளைக்குக் கடமை இருப்பதுபோல உதவியவருக்கும் கடமை உண்டு. ஈரத்தைக் காட்டியவனை அடித்தால், அடுத்தவன் மறைக்கத்தான் செய்வான். நியூயார்க்கில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைமை வகித்த டாக்டர் லோர்னா பிரீன், 2020 ஏப்ரலில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். உதவி கேட்டால் மருத்துவ உரிமம் போய்விடுமென்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். பிறர் உயிரைக் காத்தவருக்கே இந்த அச்சம்! மருத்துவப் பணியாளரின் மனநலம் காக்க 2022-ல் அவர் பெயரால் அங்கே ஒரு சட்டம் வந்தது. நம் நாட்டிலும், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைத் தண்டிக்கும் 309-ஆம் பிரிவை நீக்க 2023-ல்தான் நாடாளுமன்றம் முடிவு செய்தது.

சட்டம் மாறியது, நம் வீடு மாறிற்றா? விடுமுறைக்கு வந்த பிள்ளை முகம் வாடியிருந்தால், ‘கல்லூரியில் என்ன மார்க்கு?’ என்று கேட்கிறோம், ‘தூங்குகிறாயா?’ என்று கேட்கிறோமா? ‘ஒப்பந்தத்தை முறித்து என் மானத்தை வாங்கிவிடாதே’ என்று ஒரு தகப்பனார் சொல்லும் சொல், எந்த அதிகாரியின் உத்தரவையும் விடக் கொடியது.

ஒருக்கால் பிள்ளை குணமடைய நாளாகி, ராணுவ வேலை கைவிட்டுப் போனாலும் போகட்டும். பணத்தைத் திருப்பிக் கட்ட நேர்ந்தால் கடையை விற்றாவது கட்டுவோம்; தவணை கேட்போம். நஷ்டக் கணக்கு எழுதாத வியாபாரி எவன்? ஆனால் எந்தப் பேரேட்டிலும் எழுதித் தீர்க்க முடியாத நஷ்டம் ஒன்று உண்டு. அதை நம் வீட்டு வாசலுக்கு வரவிடாமலிருக்க, பிள்ளையை இன்றைக்கே வைத்தியரிடம் அழைத்துப் போவோமாக. கடையை ஒரு நாள் மூடினால் மூடட்டும்.