கண்ணை மறைக்கும் விளையாட்டில் காவல் யார்?

தொலைக்காட்சியில் குழந்தை என்ன பார்க்கிறது என்பது அடுக்களையில் இருக்கும் அம்மாவின் காதில் விழும். கைபேசி என்றால் பின்னால் நின்று எட்டிப் பார்க்கலாம். மெய்நிகர் விளையாட்டுக்கான ஹெட்செட்டை மாட்டிக்கொண்ட குழந்தையோ, கூடத்தின் நடுவில் நின்றாலும் வீட்டாரின் பார்வைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. அங்கே அதனோடு பேசுவது பத்து வயதுச் சிறுவனா, நாற்பது வயது அந்நியனா என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. இங்கே குழந்தையைக் காக்கும் கடமை யாருடையது?

பெற்றோருடையது என்பதே பலரும் சொல்லும் பதில். கருவியை வாங்கித் தந்தவர்கள் அவர்கள்தான். வயதைக் கூட்டிப் போட்டுக் கணக்குத் தொடங்கிக் கொடுப்பதும் சில வீடுகளில் அவர்கள்தான். ஆகவே அவர்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தன்னால் பார்க்கவே முடியாத இடத்துக்கு ஒருவரை முழுக் காவலராக்குவது நியாயமாகாது.

அங்கே குழந்தையின் உருவத்திடம் ஓர் அந்நியர் அத்துமீறினால், “பொம்மை உருவம்தானே, நிஜமாக யாரும் தொடவில்லையே” என்ற சமாதானமும் நிற்காது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், திமிங்கிலங்களோடு தாங்களே நீந்துவதுபோன்ற மெய்நிகர் காட்சியைச் சிறுவர்களுக்குக் காட்டினார்கள். சில நாள் கழித்துக் கேட்டபோது, தொடக்கப்பள்ளி வயதினரில் அது உண்மையாகவே நடந்ததாக நம்பியவர்கள் இருந்தார்கள். நீந்திய நினைவே இப்படிப் பதியுமானால், அந்நியக் கை ஒன்று மேலே நீண்ட நினைவு பதியாமல் போகுமா?

அந்தக் கையைத் தடுக்கும் வலிமை அந்த மெய்நிகர் உலகைக் கட்டியவரிடம் இருக்கிறது. அத்துமீறல் புகார்கள் எழுந்தபின், 2022 பிப்ரவரியில் மெட்டா நிறுவனம் தன் ஹொரைசன் வேர்ல்ட்ஸ் என்ற மெய்நிகர் உலகில் ஓர் உருவத்தை இன்னொன்று சுமார் 4 அடிக்குள் நெருங்க முடியாதபடி எல்லை வகுத்தது. எந்தப் பெற்றோராலும் செய்ய முடியாததை வடிவமைப்பில் ஒரு மாற்றம் செய்துவிட்டது. புகாருக்குப் பின் செய்ய முடிந்ததைத் திறப்பு விழாவுக்கு முன்பே செய்திருக்கலாம். 2016இல் வந்த போக்கிமான் கோ போலத் தெருவையே திடலாக்கும் விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும். விளையாட்டின் கற்பனை உயிரினம் தெருவில் எங்கே தோன்ற வேண்டும் என்று முடிவு செய்பவருக்கு, அதைத் துரத்தும் சிறுவன் சாலையில் இறங்குவதிலும் பங்கு உண்டு.

பாதுகாப்பின் பெயரால் எல்லாவற்றையும் பதிவு செய்துவிடலாமா? அதுவும் அறமன்று. 20 நிமிட மெய்நிகர் விளையாட்டில் ஏறத்தாழ 20 லட்சம் உடலசைவுப் பதிவுகள் சேர்கின்றன என்று ஆய்வாளர் ஜெரமி பெய்லன்சன் கணக்கிட்டிருக்கிறார். குழந்தையைக் காக்கச் சேர்த்த தகவல் விளம்பரக்காரரின் கைக்குப் போனால் அது காவலாகாது. 18 வயதுக்கு உட்பட்டோரின் நடத்தையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொதுவாகத் தடுப்பது சரியே.

ஆகவே முதல் கடமை விளையாட்டை உருவாக்கி விற்பவருடையது. குழந்தையின் கணக்கில் அந்நியர் குரல் தொடக்கத்திலேயே அடைபட்டிருக்க வேண்டும். நெருங்கும் எல்லை தானாகவே அமைந்திருக்க வேண்டும். புகாரை ஒரு மனிதர் படித்துப் பதில் சொல்ல வேண்டும். பெற்றோரின் கடமை அடுத்தது. குழந்தைக்குத் தருமுன் அந்த ஹெட்செட்டை நீங்கள் ஒருமுறை மாட்டி விளையாடிப் பாருங்கள். குழந்தை விளையாடும்போது காட்சியைத் தொலைக்காட்சியில் ஓடவிடுங்கள். இந்தப் பாதுகாப்புகள் இல்லாத விளையாட்டை, எவ்வளவு அடம்பிடித்தாலும், வாங்கித் தராதீர்கள்.