அறியாமை யாருடையது?

எழுத்தறியாதவரும் படத்தை அறிவார் என்பர். ஆகவேதான் ஏழை நாடுகளில் சுகாதாரத்தையும் கல்வியையும் போதிக்கக் கார்ட்டூன் சித்திரப் படங்களைக் கையாளுகிறார்கள். நல்ல காரியமே. ஆனால் இதிலும் ஒரு நியாயப் பிரச்சினை உண்டு.

1943-ல் வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் அமெரிக்க அரசாங்கத்திற்காக மலேரியாவைப் பற்றி ஒரு படம் எடுத்தனர். லத்தீன் அமெரிக்க நாடுகளில் அது காட்டப்பட்டது. ஏழு குள்ளர்கள் நீர்நிலைகளில் எண்ணெய் தெளித்துக் கொசுவை ஒழிக்கிறார்கள்.

இத்தகைய படங்களைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது. திரை நிறைய நின்ற கொசுவைக் கண்ட கிராமத்தார், "எங்கள் ஊர்க் கொசு இவ்வளவு பெரிதில்லை, எங்களுக்குப் பயமில்லை" என்றார்களாம். கேட்பவர் சிரிப்பர், நாமும் சிரித்ததுண்டு. ஆனால், பெரிதாக்கிக் காட்டுகிறோம் என்று காட்டியவர் ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லாதவரை விட்டுவிட்டு, கேட்டவரை மூடர் என்பது என்ன நியாயம்?

பழைய நிறை போய்க் கிலோ வந்தபோது, இரண்டு எடைக்கற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாடிக்கைக்காரருக்கு விளக்கியதாக நம் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறோம். விளங்கவைப்பது விற்பவன் கடமை. விளங்காதது வாங்குபவர் குற்றமன்று.

இக்கடமையை உணர்ந்து செய்தவர்களும் உண்டு. 1990களில் யூனிசெப் ஸ்தாபனம் தெற்காசிய நாடுகளுக்காக 'மீனா' என்னும் சிறுமியின் படங்களை வெளியிட்டது. அவளுடைய முகம், உடை, கதை யாவற்றையும் கிராமத்து மக்களிடம் காட்டி, அவர்கள் கருத்தைக் கேட்டுத் திருத்தினார்கள். இந்தியச் சித்திரக்காரர் ராம் மோகன் அதில் பெரும் பங்கேற்றார். ஒரு கதையில் மாம்பழத்தில் பெரிய பங்கு அண்ணன் தம்பிமார்க்கே போவது வழக்கமாயிருக்கிறது. மீனாவும் ராஜுவும் ஒரு நாள் வேலையை மாற்றிக்கொண்டதும் ராஜுவுக்கு உண்மை விளங்குகிறது. இது எந்த வீட்டிலும் நடப்பதல்லவா? அதனால்தான் மனத்தில் தைத்தது.

"நோய் பரவும்போது ஊராரைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமேது?" என்று சிலர் வினவலாம். அவசரத்தில் அளந்தாலும் குறைந்த அளவு குறைந்ததே. விளங்காத உபதேசத்தால் ஒரு பிள்ளையும் பிழைக்காது.

அறிவு ஓர் அமானிதம். அதை உரியவர் கையில், உரியவருக்குப் புரியும்படி ஒப்படைக்கவேண்டும். தர்ம காரியங்களுக்கு நிதி வழங்கும் வர்த்தகச் சகோதரர்களே! இத்தகைய படத்திற்கு உதவி கேட்டு யாரேனும் வந்தால், "பார்க்கப் போகிறவர்களைக் கேட்டீர்களா?" என்று முதலில் வினவுங்கள். பிறகு பணப்பெட்டியைத் திறவுங்கள்.