ஆட்டிடையர்களும் உயரமும்

எங்கள் வங்கிக் கிளைக்கு மாதத்தின் முதல் வாரம் வளைகுடாப் பணம் வந்து சேரும். திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பெரியவர்கள் பாஸ்புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். இரண்டு வருஷங்களுக்கு முன் அப்படி வந்த ஒருவர் வீட்டுக் கடன் கேட்டார். கீழ்த்தளம் மகன் அனுப்பிய பணத்தில் முடிந்துவிட்டது, மாடிக்குத்தான் கடன். மகன் ரியாத்தில் சாரம் கட்டுகிறவன். பெரியவர் ஆயுள் முழுக்க ஆடு மேய்த்தவர். அவர் நகர்ந்ததும் அடுத்த மேஜைக்காரர் சொன்னார்: "ஆடு மேய்ச்சவனெல்லாம் மாடி கட்டறான். கலி முத்திப்போச்சு." எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அந்தச் சிரிப்பைத் திரும்பக் கொண்டுவந்தது ஒரு ஹதீஸ். ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் ஈமான் பற்றிய பகுதியின் தொடக்கத்தில், உமர் சொன்னதாக வருகிறது. வெள்ளை உடையும் கருத்த முடியுமாக ஒருவர் வருகிறார். அங்கே யாருக்கும் அவரைத் தெரியாது. ஆனால் பயணம் செய்த அடையாளமும் அவரிடம் இல்லை. நபிகளின் எதிரே முழங்காலோடு முழங்கால் சேர உட்கார்ந்து கேள்விகள் கேட்கிறார். இறுதி நாள் எப்போது என்று கேட்கும்போது, இதில் கேட்கப்பட்டவருக்குக் கேட்டவரைவிட அதிகம் தெரியாது என்ற பொருளில் பதில் வருகிறது. அடையாளங்களையாவது சொல்லுங்கள் என்றதும் இரண்டு சொல்லப்படுகின்றன. அடிமைப் பெண் தன் எஜமானியைப் பெற்றெடுப்பாள். காலுக்குச் செருப்பும் உடம்புக்குத் துணியும் அற்ற ஏழை ஆட்டிடையர்கள் கட்டடம் எழுப்புவதில் ஒருவரோடொருவர் போட்டியிடுவார்கள். வந்தவர் ஜிப்ரீல் என்பது பிறகுதான் தெரிகிறது.

இன்று இதைச் சொல்கிறவர்கள் உடனே உயரங்களை அடுக்குகிறார்கள். துபாயின் புர்ஜ் கலீஃபா, 2010, 828 மீட்டர். மக்காவில் கஅபாவுக்குப் பக்கத்திலேயே 2012இல் முடிந்த மணிக்கூட்டுக் கோபுரம், 601 மீட்டர். அந்த இடத்துக்காக 2002இல் ஒட்டோமான் காலத்து அஜ்யாத் கோட்டை இடிக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டரைத் தாண்டவென்று ஜித்தாவில் 2013இல் தொடங்கிய கோபுரம் 2018இல் நின்று 2025இல் மறுபடி தொடர்ந்தது. பலித்துவிட்டது என்கிறார்கள். ஆனால் 13ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் குர்துபியும் இதைத் தம் காலத்திலேயே கண்டுவிட்டதாகத்தான் எழுதினார். ஒரு வாக்கு பல நூற்றாண்டுகளில் பலிக்குமென்றால் அதைத் தேதி குறித்த சீட்டாகப் படிக்க முடியாது. தேதியைச் சொல்ல மறுத்த பிறகுதானே அடையாளமே சொல்லப்படுகிறது? பலித்ததா என்று மட்டும் கேட்கிறவன் தீர்க்கதரிசனத்தைப் பந்தயமாகக் குறுக்கிவிடுகிறான். பந்தயத்தில் ஜெயித்தவனுக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இருப்பதில்லை.

என்னைத் தொந்தரவு செய்த கேள்வி வேறு. இங்கே குற்றம் எது? ஏழை மாடி கட்டுவதா? நமக்குப் பழக்கமான கலியுக வர்ணனைகளில் சந்தேகமே இல்லை. வனபர்வத்தில் மார்க்கண்டேயர் சொல்வதிலும் விஷ்ணு புராணத்திலும் கீழே இருப்பவன் மேலே வருவதே சீரழிவின் லட்சணம். என் சக ஊழியர் அந்த மரபில்தான் பேசினார். ஹதீஸிலும் தலைகீழாதல் இருக்கிறது. அடிமைப் பெண் எஜமானியைப் பெறும் அடையாளம் எனக்குச் சாதகமானதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைச் சொன்னவர் இளமையில் மக்காவாசிகளின் ஆடுகளை மேய்த்தவர். ஆடு மேய்க்காத நபி இல்லை என்று சொன்னதாகவும் ஹதீஸ் உண்டு. அவர் வாயில் இடையன் என்பது வசைச் சொல்லாக இருக்க முடியாது. தவிர, மூலத்தில் உள்ள அரபு வினை 'நீளம்' என்ற வேரிலிருந்து வருவது; பரஸ்பரத்தைக் குறிக்கும் வடிவம். ஒருவனைவிட ஒருவன் நீண்டு காட்டுவது என்று பொருள். பாரம் இந்த வினையின் மீதே விழுகிறது என்று நினைக்கிறேன்.

சரித்திரமும் இப்படிப் படிக்கத்தான் இடம் கொடுக்கிறது. பாலைவனக் குலங்கள் தங்கள் ஒட்டுறவின் பலத்தால் நகரங்களை வெல்கின்றன, சுகத்தில் சில தலைமுறைகளில் அந்தப் பலத்தை இழக்கின்றன என்று 1377இல் இப்னு கல்தூன் எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் நடந்தது இதைவிடச் சிக்கலானது. 1912 முதல் நாடோடிகளைக் குடியமர்த்தி, அவர்களையே போர்வீரர்களாக்கி இப்னு சவூத் நாட்டைப் பிடித்தார். அடங்காதவர்களை 1929இல் ஸபிலாவில் முறியடித்தார். 1938இல் தம்மாமில் எண்ணெய் பீறிட்டது. 1953இல் 'ஹிமா' எனப்பட்ட குலங்களின் மேய்ச்சல் ஒதுக்கீடுகள் ரத்தாயின. மேய்ச்சலின் மீதிருந்த உரிமை போனவன் படைக்கும் கூலிக்கும் லாரி ஓட்டவும் போனான். குவைத்தில் 1959ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு பதிவாகாமல் விடுபட்டவர்களில் பலர் பதூவின் குலத்தவர். அவர்கள் சந்ததி இன்னும் 'பிதூன்', அதாவது 'இல்லாதவர்', என்ற பெயரோடு நாடற்று வாழ்கிறது. ஆக, மாடி கட்டியவன் ஒரு இடையன். ஆட்டையும் நிலத்தையும் சேர்த்து இழந்தவன் இன்னொரு இடையன். அப்துல் ரஹ்மான் முனீஃப் 'உப்பு நகரங்கள்' நாவலை 1984இல் வெளியிடத் தொடங்கியது இந்த இரண்டாமவனுக்காக. சவூதியில் அது தடை செய்யப்பட்டது. அதற்கு மாறாக, 1940களில் பதூவின்களோடு பெரும் பாலையைக் கடந்த ஆங்கிலேயர் தெஸிகர், எண்ணெய் வந்து அவர்களைக் கெடுத்துவிட்டதாகத் துக்கப்பட்டார். அந்தத் துக்கம் உண்மையானது. ஆனாலும் அதற்கும் எங்கள் கிளையின் சிரிப்புக்கும் ஏதோ உறவிருக்கிறது. இடையன் ஆட்டோடேயே இருக்க வேண்டுமென்று இரண்டுமே விரும்புகின்றன.

போட்டியின் முகம் வேறு. புர்ஜ் கலீஃபா எழும்பிக்கொண்டிருந்தபோது அதன் இறுதி உயரம் ரகசியமாக வைக்கப்பட்டது, வேறொருவன் முந்திவிடக் கூடாதென்று. 2006 மார்ச்சில் அதைக் கட்டிய தொழிலாளர்கள் கூலிக்காகக் கலகம் செய்தார்கள். 2009 டிசம்பரில் துபாயின் கடனுக்கு அபுதாபி ஆயிரம் கோடி டாலர் கொடுத்தது. அடுத்த மாதத் திறப்பு விழாவில் 'புர்ஜ் துபாய்' அபுதாபி அதிபரின் பெயரைச் சூடியிருந்தது. குமாஸ்தா மூளைக்கு இது நன்றாகப் புரிகிறது. ஹதீஸின் காட்சியில் ஒருவன் மட்டும் இல்லை. போட்டியிடுகிறவர்களுக்காகச் சாரத்தில் நிற்பவன் அவன். அவன் தென்னாற்காட்டிலோ செங்கத்திலோ மேய்த்துக்கொண்டிருந்தவனாக இருக்கலாம். அவனும் ஆட்டிடையனே.

பாலைவனத்தைப் பார்த்துச் சிரிக்க இந்த ஊர்க்காரனுக்கு யோக்கியதை குறைவு. யார் பெரியவர் என்ற போட்டியில் அடி தேடியும் முடி தேடியும் இரண்டு தெய்வங்கள் தோற்ற இடம் இது. உயரத்துக்காகப் பொய் சொன்ன பிரம்மாவுக்கும், சாட்சி சொன்ன தாழம்பூவுக்கும் சாபம் கிடைத்த கதையை ஒவ்வொரு கார்த்திகைக்கும் கேட்கிறோம். அதே மூச்சில், தஞ்சை விமானம் 216 அடி, நம் ராஜகோபுரம் 217 என்கிறோம். அந்த ஓரடியைச் சொல்லும்போது குரல் சற்று உயர்கிறது. 1987இல் ஸ்ரீரங்கம் 236 அடியில் முடிந்ததைச் சொல்லும்போது இறங்குகிறது. அரபு வினைக்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெரியவரின் கடன் அனுமதியாயிற்று. போன கார்த்திகைக்கு முன் தவணை கட்ட வந்தபோது, "மாடி எதுக்குங்க ஐயா, ரெண்டு பேர்தானே இருக்கீங்க?" என்று கேட்டேன். குற்ற உணர்வில் கேட்டது அது; அவர் அதைக் கவனிக்கவில்லை.

"தீபம் பாக்கத்தான் சார். முன்னாடி வாசல்ல நின்னாலே தெரியும். எதுக்க கல்யாண மண்டபம் எழும்பி மலைய மறைச்சிடுச்சு" என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "இப்ப நம்மது அதுக்கு மேல ஒரு முழம்" என்றார்.

இம்முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரசீதில் முத்திரை வைத்துக் கொடுத்தேன்.