இடம் விட்டு வாழ்வோம்



"பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும், இதுதான் உலக நியதி" என்று சொல்லி நாம் பல காரியங்களை நியாயப்படுத்திவிடுகின்றோம். வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நடுகிறவரும், பங்குக் கிணற்றில் தமது முறைக்கு மேலாக இறைக்கிறவரும், கூடப்பிறந்த சகோதரியின் காணிக்கு வழக்கு வைக்கிறவரும் இந்த நியதியையே சாட்சிக்கு அழைக்கின்றனர். இறைவன் படைத்த உயிர்கள் உண்மையில் எப்படி வாழ்கின்றன என்று சற்று நோக்குவோம்.

மன்னாரில் வங்காலைக் கரையோரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக ஏற்கப்பட்ட இடம் அது. மாரி காலத்தில் அங்கு நீர்ப்பறவைகள் ஆயிரக்கணக்கிற் கூடுகின்றன. நீர் ஒன்று, சேறு ஒன்று, பசியும் ஒன்று. ஆயினும் பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகினால் நீரை வடித்து உண்கிறது. அலகு நீண்டு வளைந்த பறவை சேற்றின் ஆழத்திற் புழுவைத் தேடுகிறது. குறுகிய அலகுடையது சேற்றின் மேலே கிடப்பதைப் பொறுக்குகிறது. ஆலாவோ மேலிருந்து பாய்ந்து மீனைப் பிடிக்கிறது. போட்டி அங்கும் உண்டு; சண்டையும் உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருப்பதால் அத்தனையும் ஒரே கரையில் வயிறாறுகின்றன.

அந்த ஒழுங்கு குலைந்தால் என்ன நடக்கும்? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் றொபேட் பெயின் என்னும் விஞ்ஞானி 1963ஆம் ஆண்டில் ஒரு சோதனையைத் தொடங்கினார். பாறையில் ஒட்டி வாழும் மட்டிகளை உண்டுவந்த நட்சத்திர மீன்களை, ஒரு பகுதியிலிருந்து மட்டும் அகற்றிக்கொண்டே வந்தார். தடுப்பாரற்ற மட்டிகள் பாறையெங்கும் பரவின. முன்பு 15 இனங்கள் வாழ்ந்த அவ்விடத்தில் 8 இனங்களே எஞ்சியதாக 1966இல் அவர் எழுதினார். கவனியுங்கள்: மட்டி எவரையும் கடிக்கவில்லை, விழுங்கவுமில்லை. இடத்தைப் பிடித்தது, அவ்வளவே. அதனாலேயே மற்றவை அழிந்தன.

மட்டிக்குப் புத்தியில்லை, அதனை அடக்க வெளியிலிருந்து ஒரு நட்சத்திர மீன் வேண்டியிருந்தது. பறவைக்கும் தெரிவு இல்லை. அதன் அலகே அதன் எல்லை. மனிதனுக்கு மாத்திரம் தன் எல்லையைத் தானே குறிக்கும் சுதந்திரத்தை இறைவன் தந்திருக்கிறார். அந்தச் சுதந்திரத்தை நாம் எதற்குப் பயன்படுத்துகின்றோம்?

ஆதியாகமம் 13ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஆபிரகாமுக்கும் லோத்துவுக்கும் மந்தைகள் பெருகின, நிலம் போதவில்லை, மேய்ப்பர்கள் சண்டையிட்டனர். ஆபிரகாம் மூத்தவர், தகப்பன் முறையானவர். முதலில் தெரிவுசெய்யும் உரிமை அவருக்கே இருந்தது. அவரோ அந்த உரிமையைச் சகோதரன் மகனுக்கு விட்டுக்கொடுத்தார். லோத்து நீர்வளமுள்ள யோர்தான் சமவெளியை எடுத்துக்கொண்டான். ஆபிரகாம் நட்டப்பட்டாரா? லோத்து பிரிந்து சென்ற பின்னரே ஆண்டவர் அவரைக் கண்களை உயர்த்தி நாற்றிசையும் பார்க்கச் சொல்லி, அந்நாட்டை வாக்களித்தார். பின்னர் லோத்து பகைவர் கையில் அகப்பட்டபோது, 318 பேருடன் சென்று மீட்டவரும் இதே ஆபிரகாமே. நிலம் பிரிந்தது, உறவு பிரியவில்லை.

நம் குடும்பங்களில் நிலைமை என்ன? காணி முழுவதும் கைக்கு வந்துவிடும். அந்தக் காணிக்குள் வந்துபோக ஒரு சகோதரம் இராது. திருப்பலியில் சமாதானம் பகிரும் வேளையில், பக்கத்து வாங்கில் நிற்கும் அண்ணனைத் தம்பி பாராமல் திரும்பிக்கொள்வான். பிள்ளைகள் ஒரே பாடசாலையிற் படித்தும் ஒன்றுவிட்ட சகோதரங்கள் என்று அறியாமல் வளர்வார்கள். எல்லா இடத்தையும் பிடித்த மட்டிப் பாறை இதுதான்.

அன்பார்ந்தவர்களே, சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால், காணிக்கையைப் பீடத்தடியில் வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்பது யேசுவின் போதனை. இந்த ஞாயிறு பூசைக்குப் புறப்படுமுன் உங்கள் வேலியை ஒருமுறை பாருங்கள். தள்ளி நட்ட கதியால் இருந்தால் பிடுங்கிப் பழைய இடத்தில் நடுங்கள். உரிமை உங்கள் பக்கமே இருந்தாலும், மூத்தவர் முதலில் பேசுங்கள். விட்டுக்கொடுத்த ஒரு முழ நிலத்தினால் எந்த வீடும் வறுமைப்பட்டதில்லை.