பொறுப்பில் பங்கு

தவறிய உதவியாளரைப் பதவியிலிருந்து நீக்குவதோடு தலைவரின் கடமை நிறைவு பெற்றுவிடுகிறதா? பிறரைக் கொண்டு பணியாற்றும் ஒவ்வொருவரும் எதிர்கொள்ள வேண்டிய அறநெறிக் கேள்வி இது. விளையாட்டுத் துறையில் நிகழ்ந்த ஒரு சம்பவம் இதனைத் தெளிவாக ஆராய உதவும்.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே மிகுதி. தாக்குவதற்கும் தற்காப்பதற்கும் வெவ்வேறு ஆட்டக்காரர்கள் களமிறங்குவர். எனவே தலைமைப் பயிற்சியாளர் தனித்து இயங்க முடியாது. 2016-இல் பல்கலைக்கழக அணி ஒன்றுக்கு ஒன்பது துணைப் பயிற்சியாளர்கள் வரை அனுமதிக்கப்பட்டிருந்தனர்.

இண்டியானா மாநிலத்திலுள்ள நோட்ர டேம் பல்கலைக்கழக அணிக்கு 2010 முதல் 2021 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் பிரையன் கெல்லி. முன்பு வேறொரு பல்கலைக்கழகத்தில் தம்முடன் பணியாற்றிய பிரையன் வான்கார்டரிடம் 2014-இல் தற்காப்புப் பிரிவை ஒப்படைத்தார். 2016-இல் முதல் நான்கு ஆட்டங்களில் மூன்றில் அணி தோற்றது. அவற்றில் எதிரணிகள் 50, 36, 38 எனப் புள்ளிகளைக் குவித்தன. டியூக் பல்கலைக்கழகத்திடம் தோற்ற மறுநாள், செப்டம்பர் 25 அன்று, வான்கார்டர் நீக்கப்பட்டார்.

இம்முடிவு அநீதியானது என்று கூற இயலாது. மாணவர்களின் உழைப்பு வீணாவதைக் கண்டும் நட்பின் பொருட்டு வாளாவிருப்பது கருணையன்று. அது வெறும் பற்றே.

ஆனால் பின்னர் நிகழ்ந்தது சிந்தனைக்குரியது. அடுத்த மாதம் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்துடன் புயல் மழையில் நடந்த ஆட்டத்தில் எதிரணி பெற்றவை 10 புள்ளிகளே. எனினும் நோட்ர டேம் 3 புள்ளிகளுடன் தோற்றது. கொட்டும் மழையிலும் பந்தை எறிந்தாடும் உத்தி கைவிடப்படவில்லை. ஆட்டம் முடிந்தபின், பந்தைப் பின்னோக்கி எடுத்துத் தரும் மாணவரின் பிழைகளைத் தலைமைப் பயிற்சியாளர் வெளிப்படையாகக் குறை கூறினார். அப்பருவம் 4 வெற்றி, 8 தோல்வி என முடிந்தது. துணைவர் அகன்ற பின்னும் தோல்வி அகலவில்லை.

வினையில் செய்பவனுக்கு மட்டுமின்றி, செய்விப்பவனுக்கும் அதற்கு இசைபவனுக்கும் பங்குண்டு என்பது பாரத மரபின் கொள்கை. துணைவரைத் தேர்ந்தவரும், அவரது முறையை இரண்டாண்டுகளுக்கு மேல் ஏற்று நடந்தவரும் தலைவரே. ஆராயாமல் ஒருவரைத் தெளிவதும், தெளிந்தபின் அவரை ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்று 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிக்கிறார். இவ்விரண்டுமே தேர்ந்தெடுப்பவனின் குறைகள் என்பது கருதத்தக்கது.

அப்படியாயின் துணைவர் குற்றமற்றவரா? அல்லர். பொறுப்பு, ஒருவர் ஏற்றால் மற்றவருக்குக் குறைந்துவிடும் பொருளன்று. துணைவர் தம் செயலுக்கு முழுமையாகவே பதில் கூற வேண்டும். தலைவர் தம் தேர்வுக்கும் மேற்பார்வைக்கும் முழுமையாகவே பதில் கூற வேண்டும். முன்னதை மட்டும் வற்புறுத்துவது தண்டனை. இரண்டும் சேர்ந்ததே நீதி.

அப்பருவத்திற்குப் பின் கெல்லி துணைவர்கள் பலரை மாற்றினார். அத்துடன் ஆட்டக்காரர்களைத் தனித்தனியே சந்தித்து, தம்மைப் பற்றிய குறைகளையும் கேட்டறிந்தார். 2017-இல் அணி பத்து வெற்றிகள் பெற்றது. வெற்றி, அறத்திற்குச் சான்றாகாது. அது வேறு பல காரணங்களாலும் வரும். ஆயினும் பிறரைக் கணக்குக் கேட்கும் நாவுக்குரியவர், தம் கணக்கைக் கேட்கச் செவியையும் திறந்து வைத்தார். கணக்குக் கேட்கும் உரிமை அங்கேதான் முழுமை பெறுகிறது.