மருந்து அறை விதி

2002 ஜூலை. சிவகாசி பஸ் ஸ்டாண்ட் டீக்கடை. வைகோ பொடாவில் கைது என்று பேப்பரில் கொட்டை எழுத்துச் செய்தி. பக்கத்து பெஞ்சில் இருந்த அச்சாபீஸ் ஊழியர் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: ''இவர் கட்சியே ஆதரிச்ச சட்டம்தானே... அனுபவிக்கட்டும் சார்!''

கடையே சிரித்தது. நானும்தான்.

வைகோ அப்போது எங்கள் தொகுதி எம்.பி. அந்த வருஷம் மார்ச்சில் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் பொடா நிறைவேறியபோது, ஆளும் கூட்டணியில் இருந்த ம.தி.மு.க. அதை ஆதரித்தது. ஜூன் கடைசியில் திருமங்கலத்தில் புலிகளை ஆதரித்து வைகோ பேசினார். ஜூலையில் ஜெயலலிதா அரசு தூக்கி உள்ளே வைத்தது. ஜாமீனில் வெளியே வர 2004 பிப்ரவரி ஆகிவிட்டது. ஒரு பேச்சுக்கு 19 மாதம்!

'அவருக்கு வேணும்' என்று சிரித்தோமே, அதற்கு என்ன அர்த்தம்? உரிமையெல்லாம் நல்லவனுக்கு மட்டும்தான் என்று அர்த்தம். யார் நல்லவன் என்று முடிவு செய்வது யார்? ஸ்டேஷன்!

போலீஸ் அதிகாரியிடம் தரும் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று 1872-லேயே வெள்ளைக்காரன் சாட்சியச் சட்டத்தில் எழுதி வைத்தான். அது எப்படி வாங்கப்படும் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. பொடா அதைச் செல்லும் என்றது. 2004-ல் பொடா ரத்தானது. ஆனால், அதன் பல பிரிவுகள் அதே வருஷம் 'உபா' சட்டத்துக்குக் குடிபெயர்ந்தன. அதில் குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை உள்ளே வைக்கலாம்.

''குண்டு வெடிச்சா யார் சார் பொறுப்பு?'' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செத்துப்போன அப்பாவும் மகனும் வைத்திருந்தது செல்போன் கடை. ஊரடங்கில் நேரத்துக்குக் கடையை மூடவில்லை என்பதுதான் புகார். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி மீது சொல்லப்பட்டது நகைத் திருட்டு. இவர்களில் யார் பயங்கரவாதி? சித்ரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போட்டது 1997-ல். இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை.

எங்கள் ஊர் பட்டாசு ஆலைகளில் மருந்து அறைக்கு ஒரு கணக்கு உண்டு. இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம். முப்பது வருஷ அனுபவஸ்தருக்கும் அதே விதிதான். 'என்னை நம்பலையா?' என்று அவர் கோபித்துக்கொள்வதில்லை. விதி அவர்மேல் உள்ள சந்தேகத்தால் வந்ததல்ல, மருந்தின் குணம் தெரிந்ததால் வந்தது. அதிகாரமும் அப்படித்தான். கையாள்பவர் நல்லவரா என்று பார்த்து அளவை ஏற்ற முடியாது. நாளைக்கு அந்த நாற்காலியில் வேறொருவர் இருப்பார்.

உரிமை என்பது ஒழுங்காக வேலை பார்த்தவனுக்கு மட்டும் தீபாவளிக்குத் தரும் போனஸ் அல்ல. பொடாவை ஆதரித்தவருக்கும் அது உண்டு.

அன்றைக்கு டீக்கடையில் நான் சிரித்திருக்கக் கூடாது.